புதியவர்களுக்கு மட்டும்

டிஸ்கி: இதில் இருப்பதெல்லாம் என் சொந்தக் கருத்து. எனக்குச் சம்பளம் தருகிற வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. எந்த வங்கி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் :-)

"புதியவர்களுக்கு", "தொடக்க நிலையினருக்கு", "அனைவருக்கும் புரியும் எளிய நடையில்" என்று ஒரு கையேட்டின் அட்டையில் போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். சமையல் குறிப்போ, பங்குச்சந்தையோ, கணினியோ, சொந்தமாக இணையத்தில் எழுத ஆரம்பிப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி. எழுதியவர் அந்த வேலையைப் பத்து வருடமாகச் செய்துகொண்டிருப்பார். தனக்கு எது தெரியாமல் இருந்தது என்பதே அவருக்கு மறந்து போயிருக்கும். அதனால் மூன்றாவது படியிலிருந்து ஆரம்பித்துவிட்டு, அதற்கு "முதல் படி" என்று பெயர் வைத்துவிடுவார்.

ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பா (தலைமையாசிரியராக இருந்தவர்) ஊர்க் கண்மாய்களைப் பற்றி இணையத்தில் எழுத ஆசைப்பட்டார். "எப்படி ஆரம்பிப்பது" என்று தேடியதில் அவருக்குக் கிடைத்த முதல் வழிகாட்டியின் முதல் வரி, "உங்கள் நீஷைத் தேர்ந்தெடுங்கள்". இரண்டாவது வரி டொமைன், மூன்றாவது ஹோஸ்டிங். எனக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, எனக்குத் தமிழ்ல 'ழ' எங்க இருக்குன்னே தெரியல, இவன் என்னமோ ஹோஸ்டிங்குங்கிறானே?" என்றார். அவர் கேட்டதுதான் உண்மையான முதல் படி.

2003, 2004 வாக்கில் நம்மில் பல பேர் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்னால் கற்றுக்கொண்ட ஒருவர் நமக்குச் சொல்லிக் கொடுத்தார். "இ-கலப்பையை இறக்கு, நிறுவு, ஆல்ட்டையும் 2-ஐயும் சேர்த்து அழுத்து, இப்ப ஏ எம் எம் ஏ ஏன்னு அடி, அம்மா வரும்." அம்மா வந்தது. யூனிகோடு என்றால் என்ன, திஸ்கி என்றால் என்ன என்பதெல்லாம் பிறகு நாமே தேடித் தெரிந்துகொண்டோம். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் அதே ஆள் சொன்னார். அவருக்கும் போன மாதம் அப்படித்தானே தெரிந்திருக்கும்.

சரி, என் வயிற்றுப் பிழைப்புக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

சத்தீஸ்கருக்கு மாற்றலாகி வந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது இருப்பது ராய்ப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளை. நெல் கொள்முதல் சமயம் தவிர மற்ற நாட்களில் கிளைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2014-ல் ஜன்தன் கணக்குகள் வந்தன. 2016-ல் யூபிஐ வந்தது. 2024 மார்ச்சில் இந்த மாநில அரசு மஹ்தாரி வந்தன் திட்டத்தில் திருமணமான பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கணக்கில் போட ஆரம்பித்தது. ஆக, பாஸ்புக்கை அலமாரியில் வைத்துவிட்டு மறந்திருந்தவர்கள்கூட "பணம் வந்ததா?" என்று பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களிடம் நாங்கள், "தீதி, இதற்கு ஏன் பத்து கிலோமீட்டர் வருகிறீர்கள், போனிலேயே பார்க்கலாமே" என்று சொல்லி ஒரு வழவழப்பான கையேட்டை நீட்டுகிறோம்.

பல வங்கிகளின் கையேடுகளைப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே அச்சு. முதல் பக்கம் யாரோ ஒரு பெரியவரின் வாழ்த்து. இரண்டாம் பக்கம் டிஜிட்டல் புரட்சி. மூன்றாம் பக்கத்தில் "செயலியைப் பதிவிறக்கி, பதிவு செய்து, கணக்கை இணைத்து, பின் அமைத்துக்கொள்ளவும்". அவ்வளவுதான், ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் எத்தனை குழி இருக்கிறது என்பது எழுதியவருக்குத் தெரியாது.

முதல் குழி எஸ்எம்எஸ். யூபிஐ செயலி உங்கள் எண்ணைச் சரிபார்க்க, உங்கள் போனிலிருந்தே ஒரு குறுஞ்செய்தியைத் தானாக அனுப்பும். சிம்மில் அதற்கான பேலன்ஸ் இல்லையென்றால் போகாது. இரண்டு சிம் இருந்து, வங்கியில் கொடுக்காத சிம்மைத் தேர்ந்தெடுத்தாலும் சரிபார்ப்பு நடக்காது. திரையில் வருவது "சரிபார்ப்பு தோல்வி" என்று ஒரு வரி. ரீசார்ஜ் முடிந்துபோன போனை வைத்துக்கொண்டு அந்தம்மா நான்கு தடவை முயற்சி செய்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்று சொல்லிவிடுகிறார். வராதது அவருக்கா? வராதது எஸ்எம்எஸ்ஸுக்கு!

அடுத்தது கார்டு. யூபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும், காலாவதி மாதமும் வருடமும் வேண்டும். ஆதார் வழியாகச் செய்கிற முறையும் பின்னால் வந்தது, ஆனால் ஆதாரில் இருக்கும் கைபேசி எண்ணும் கணக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் பல பெண்களுக்கு ஆதாரில் இருப்பது கணவரின் பழைய எண். கார்டோ உறை பிரிக்காமல் வீட்டில், அரிசி டப்பாவுக்குள். அப்படியானால் கையேட்டின் முதல் வரி என்னவாக இருக்க வேண்டும்? "வீட்டிலிருந்து கிளம்பும்போது கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், போனில் ரீசார்ஜ் இருக்கிறதா பாருங்கள்." இப்படி ஆரம்பிக்கிற ஒரு கையேட்டையும் நான் பார்த்ததில்லை. வாழ்த்துரைக்கு இடம் இருக்கிறது, அரிசி டப்பாவுக்கு இல்லை.

மூன்றாவதாக, சொற்கள். இதில்தான் எங்கள் ஆட்கள் ரொம்பக் கெட்டிக்காரர்கள். பணம் அனுப்ப வேண்டிய ஆளை ஆங்கிலத்தில் பெனிஃபிஷியரி என்கிறோம். இந்தித் திரையில் அது "லாபார்த்தி". இங்கே கிராமத்தில் லாபார்த்தி என்றால் அரசுத் திட்டத்தில் வீடோ எரிவாயு இணைப்போ உதவித்தொகையோ வாங்குகிறவர். "லாபார்த்தியைச் சேர்க்கவும்" என்று திரையில் பார்த்த ஒரு பெண், "இதில் பெயரைச் சேர்த்தால் மஹ்தாரி வந்தன் பணம் எனக்கும் வருமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? தமிழிலும் இதே கதைதான். "பயனாளியைச் சேர்" என்று போட்டால் நம் ஊர்ப் பாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் என்றுதானே நினைப்பார்? "யாருக்கு அனுப்ப வேண்டும்?" என்று போட்டால் குடியா முழுகிவிடும்?

ஐஎஃப்எஸ்சி குறியீட்டைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. மொத்தம் 11 எழுத்து. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையை. நடுவில் ஐந்தாவதாக இருப்பது பூஜ்யம். பார்ப்பதற்கு ஓ மாதிரியே இருக்கும், எல்லோரும் ஓ என்றுதான் அடிப்பார்கள். "ஐந்தாவது இடத்தில் இருப்பது எழுத்து அல்ல, பூஜ்யம்" என்ற அரை வரியை எழுதிப் போட்டால் எத்தனை தொலைபேசி அழைப்புகள் மிச்சம்!

வரவு, பற்று குழப்பமும் இந்த ரகம்தான். நான் பி.காம். முதல் வருடம் படித்தபோது வகுப்பில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை. உள்ளே வருவதைப் பற்று வை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, வங்கியில் போட்ட பணம் பாஸ்புக்கில் வரவு என்று இருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? எங்கள் பேராசிரியர் ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். "இப்ப நான்தான் பேங்க். நீ எனக்குப் பணம் கொடுக்குற. என் நோட்டுல உன் பேரை எழுதி, கொடுத்தவன்னு வரவு வைக்கிறேன். பாஸ்புக் உன் கணக்கு இல்லடா, உன்னைப் பத்தி நான் எழுதி வச்சிருக்கிற கணக்கோட நகல்" என்றார். ஐந்து நிமிட வேலை. பாடப் புத்தகத்தில் இது மூன்று பக்கம், படித்தும் புரியவில்லை. அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பதை மட்டும் சொன்னார்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் எரிச்சல். கோபம் எங்கே என்றால், இதோ.

2023-ல் எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் 18,000 ரூபாயை இழந்தார். வழக்கமான கதைதான். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்திருக்கிறான், ஊக்கத்தொகை வந்திருக்கிறது என்றிருக்கிறான். யூபிஐயில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, "பணம் வாங்க பின்னைப் போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறான். போட்டிருக்கிறார். மூன்று தடவை.

அழுதுகொண்டே என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அவன் ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான் சார். நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் கோபப்படவில்லை."

யோசித்துப் பாருங்கள். அந்தத் திருடன் அவருடைய மொழியில் பேசினான். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் சொன்னான். ஒவ்வொரு படிக்குப் பிறகும் "இப்போது திரையில் என்ன தெரிகிறது, படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டான். பதில் வரும் வரை காத்திருந்தான். "பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் தெரிகிறதா தீதி?" என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தை வைத்துச் சொன்னான். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முறை மொத்தமும் அவனிடம் இருந்தது. ஜாம்தாரா பக்கத்து ஆட்களைப் பற்றி 2020-ல் தொடரே எடுத்தார்கள், நிறையப் பேர் பார்த்து ரசித்தோம். அதிலிருந்து எங்கள் பயிற்சித் துறை ஒன்றையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1930-க்கு அழைத்தோம், புகார் பதிந்தோம், பணம் திரும்பவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மின்னணுப் பரிவர்த்தனையில் வங்கியின் மீதும் தப்பில்லை, வாடிக்கையாளர் மீதும் தப்பில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. நல்ல விஷயம். ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தது என்றால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுக்க அவருடையது. பின்னை அவரே போட்டதால் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

கவனக்குறைவாம். "பணம் உள்ளே வருவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டாம்" என்ற ஒரு வரியை அந்தப் பெண்ணிடம் யார், எப்போது, எந்த மொழியில் சொன்னார்கள்? அவர் கையில் இருந்த கையேட்டில் அது 9-ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில், "உங்கள் ரகசியக் குறியீட்டைப் பகிர வேண்டாம்" என்று இருந்தது. அவர் பகிரவில்லையே! யாரிடமும் சொல்லவில்லை, தானே தன் போனில் போட்டார். கையேடு சொன்னபடிதான் நடந்துகொண்டார்.

(2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியையே என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஆயிரம் விழிப்புணர்வுச் சுவரொட்டி செய்யாததை இது செய்யும். ஆனால் திருடன் வேறு வழி கண்டுபிடிப்பான், கற்றுக்கொடுப்பதில்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே.)

இன்னொன்று. ஒரு சாதாரண வாடிக்கையாளர் எத்தனை ரகசிய எண்களை வைத்திருக்க வேண்டியிருக்கிறது, எண்ணிப் பார்த்தீர்களா? போனைத் திறக்க ஒன்று. வங்கிச் செயலியைத் திறக்க ஒன்று. ஏடிஎம் இயந்திரத்துக்கு நான்கு இலக்கம். யூபிஐ பின் நான்கோ ஆறோ. இது போக அவ்வப்போது வந்து போகும் ஓடிபி. ஐந்து சாவி. எல்லாவற்றுக்கும் "பின்" அல்லது "கோட்" என்றே பெயர். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று படம் போட்டு யாரும் சொல்வதில்லை. அதனால் ஓடிபி தவிர மற்றவற்றுக்கெல்லாம் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, அதைப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதியும் வைக்கிறார்கள். இதற்கும் கவனக்குறைவு என்று பெயர் வைத்துவிடலாம், சுலபம்.

இப்படியெல்லாம் சொன்னால் வட்டார அலுவலகத்து நண்பர் ஒருவர் சிரிப்பார். "இவ்வளவு விளக்கமாக எழுதினால் யார் படிப்பார்கள்? படிக்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் அவ்வளவுதான்" என்பார். எனக்கு இதில் துளியும் உடன்பாடு கிடையாது. எங்கள் கிளைக்கு வரும் மகளிர் குழுத் தலைவி ஒருவர் நான்காம் வகுப்பு. "சைக்கடாவுக்கு இரண்டு ரூபாய்" என்று சொன்ன மறுநொடி, வருடத்துக்கு 24 சதவீதம் என்று வாயால் சொல்வார் (நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்போமே, அதேதான்). எங்கள் கிளையில் சேர்ந்த எம்.பி.ஏ. படித்த தம்பி அதற்குக் கால்குலேட்டரை எடுத்தார். அந்த அம்மாள் புதியவர் என்பது எங்கள் திரைக்கு மட்டும்தான், பணத்துக்கு அல்ல. புதியவர் என்றால் விவரம் இல்லாதவர் என்று நினைத்து எழுதுகிற கையேடுதான் "பணத்தைச் சேமிப்பது நல்லது" என்று அவருக்கு இரண்டு பக்கம் உபதேசம் செய்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

நானும் ஒன்றில் புதியவனாகத்தான் இங்கே வந்தேன், இந்தியில். முப்பது நாளில் இந்தி கற்றுத் தருகிற புத்தகம், "இது புத்தகம், அது மேசை" என்று ஆரம்பித்தது. கவுண்டரில் யாரும் என்னிடம் வந்து இது மேசையா என்று கேட்கவில்லை. அலுவலகத்தில் நடத்திய வகுப்பில் கடிதம் எழுதக் கற்றேன். பேசக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கிளைக் காவலர், ராணுவத்தில் இருந்தவர். முதல் நாளே மூன்று சொல் கொடுத்தார். "ருகியே, திகாயியே, கல் ஆயியே. பேங்க் ஆபீசருக்கு இந்த மூன்றும் போதும் சாப்" என்றார். நில்லுங்கள், காட்டுங்கள், நாளைக்கு வாருங்கள் :-) கிண்டலாகச் சொன்னாலும், எனக்கு அன்றைக்கு என்ன தேவை என்று பார்த்துக் கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

நல்ல கையேடு எங்குமே இல்லையா என்றால், எங்களிடமே இருந்தது. பழைய கிளைகளில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நிரப்பிய மாதிரிச் சலான் ஒன்று இருக்கும், பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. தேதி எங்கே, தொகை எண்ணில் எங்கே, எழுத்தில் எங்கே, கையெழுத்து எங்கே என்று பார்த்து அப்படியே எழுத வேண்டியதுதான். விளக்கம் ஒன்றும் இல்லை. வேலை நடக்கிற இடத்திலேயே, வேலை நடக்கிற நேரத்தில் கண்முன்னே இருந்தது. கிளைகளைப் புதுப்பித்து அழகுபடுத்தியபோது கண்ணாடியோடு அதுவும் போய்விட்டது.

எங்கள் துறையில் இன்னொரு வழக்கம் உண்டு, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. யாராவது போனை நீட்டி "இது எப்படி சார்?" என்றால், போனை வாங்கி, விறுவிறுவென்று நாமே செய்து, "முடிந்தது" என்று திருப்பிக் கொடுப்பது. வாங்கியவர் நன்றி சொல்வார், வரிசை நகரும். ஆனால் அவர் கற்றுக்கொண்டது, போனை இன்னொருவர் கையில் கொடுத்தால் வேலை நடக்கும் என்பதைத்தான். அடுத்த முறை யார் கையில் கொடுப்பார் என்பது நம் கையில் இல்லை.

அதனால் போன மாதம் முதல் ஒரு சின்ன வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஒற்றைத் தாளில் இந்தியில் எழுதி, மகளிர் குழுவிலிருந்து ஆறு பேரை உட்காரவைத்து, அந்தத் தாளைப் பார்த்து அவர்களே செய்யச் சொன்னேன். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன், போனைத் தொட மாட்டேன், வாயைத் திறக்க மாட்டேன். எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. "செயலியைத் திறக்கவும்" என்ற முதல் வரியிலேயே ஆறில் நான்கு பேர் நின்றார்கள். எது செயலி? அதற்குப் பதிலாக அந்தச் சின்னத்தின் படத்தை வண்ணத்தில் ஒட்டி, "இந்தப் படத்தைத் தொடுங்கள்" என்று மாற்றினேன். இரண்டாவது முறை கேமரா அனுமதி கேட்கிற இடத்தில் நின்றார்கள். "போட்டோ எடுக்கப் போகிறதா?" என்று ஒரு அம்மாள் சட்டென்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கியூஆர் படத்தைப் பார்ப்பதற்கு மட்டும்தான் கேமரா என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்றாவது முறை திருத்தியதை நான் எழுதவில்லை, முதல் வாரம் கற்றுக்கொண்ட பெண்ணையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அவர் "பின்" என்று சொல்லவே இல்லை. "பணம் வெளியே போகிற சாவி" என்றார். அப்படியே போட்டுவிட்டேன். தாளில் அதுதான் பெரிய எழுத்து.

இப்போது நான்காவது திருத்தம் அச்சுக்குப் போகத் தயார். 200 பிரதி, வெறும் கறுப்பு வெள்ளை, சின்னங்கள் மட்டும் வண்ணத்தில். வட்டார அலுவலகத்துக்கு ஒப்புதலுக்கு அனுப்பினேன். மேலே வங்கியின் இலச்சினைக்கும் ஒரு வாழ்த்துச் செய்திக்கும் இடம் விடச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. இலச்சினையைத் தாளின் அடியில் போடுகிறேன், வாழ்த்துச் செய்தியைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம், முதல் வரி "கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், ரீசார்ஜ் இருக்கிறதா பாருங்கள்" என்றுதான் இருக்கும் என்று பதில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.